தாகத்துக்கு முன்னால்

1

ஒத்துக்கொண்டுவிடுகிறேன்: இது ஒட்டுக்கேட்ட கதை. காது மந்தமாகிவிட்டதா என்று பார்த்துவர ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்குரல்கள். (காது நன்றாகத்தான் இருக்கிறது.) ஒருத்தி, ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகள் அன்றாடக் காரியங்களில் எதையெல்லாம் தாங்களாகவே செய்கிறார்கள் என்று மதிப்பிடுகிறவள். மற்றவள் ஒரு பையனின் அம்மா.

"சட்டை போட்டுக்குவானா?"

"ஓ, போடுவான் மேடம்."

"போடத் தெரியுமான்னு கேக்கலம்மா. தினமும் தானா போடுறானா?"

"நேரமாகுதேன்னு நானே மாட்டிவிட்டுடுவேன்."

"அப்ப மார்க் உங்களுக்குத்தான்."

இருவரும் சிரித்தார்கள். அம்மா கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிட்டாள்.

2

கதைகள் எனக்குப் பேச்சாகத்தான் வரும். முகங்கள் பிறகு, வந்தால் உண்டு. பையனோ பேசவே இல்லை. அவனை எப்படி எழுத? 'தனக்கென்று ஓர் உலகத்தில் வாழும் அந்த நான்கு வயது' — சே. அவன் இருப்பதும் இதே உலகம்தான், இதே அறைதான். தரையில் மல்லாந்து கிடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.*

3

"எல்லாத்துக்கும் 'செய்வான்'னு சொன்னீங்கன்னா, பள்ளிக்கூடத்துல துணைக்கு ஆள் தரமாட்டாங்கம்மா."

"ஆள் இல்லாம அவனை எப்படி விடுவேன்? ஆனா, அவன் காதுபட 'செய்யமாட்டான்'னு எப்படி மேடம் சொல்றது?"

மேடம் எழுதிக்கொண்டிருந்த பென்சில் நின்ற சத்தம் கேட்டது. (நிற்பதற்குச் சத்தம் உண்டா? அன்று இருந்தது.)

"சரி, இதைச் சொல்லுங்க. தாகம் எடுத்தா கேப்பானா?"

"தெரியல."

"தெரியலையா?"

"தாகம் எடுக்குறதுக்கு முன்னாடியே குடுத்துடுவேன் மேடம்."

"அந்தத் தண்ணி டம்ளரை மேஜைமேல வைங்க. கைய மடியில வைங்க. கேக்குறானான்னு பாப்போம்."

அந்த நேரம் பார்த்து என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

4

மீதியை வீட்டில் உட்கார்ந்து நானே எழுதிப் பார்த்தேன். முதல் முடிவு: பையன் "தண்ணி" என்கிறான். அடித்துவிட்டேன். கைதட்டலுக்கு ஆசைப்பட்ட வரி.

இரண்டாவது முடிவு: அவன் கேட்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அம்மா —

அம்மாவின் குரல் குறுக்கே வந்தது. "உங்க கதைக்கு முடிவு வேணும்னா என் பிள்ளை நாக்கு வறண்டு கிடக்கணுமா?"

"இல்லடி பொண்ணே..."

"அப்ப சீக்கிரம் எழுதுங்க. இல்ல, எழுந்திருங்க."

எழுந்துவிட்டேன். வாசகரே, நாற்காலி இனி உங்களுடையது. டம்ளர் தண்ணீரில் பட்ட வெயில் கூரையில் நெளிகிறது. பையன் அதையே பார்க்கிறான். உதட்டை ஒருமுறை நக்கிக்கொள்கிறான். டம்ளர் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தயவுசெய்து நீங்களும் கையை மடியிலேயே வைத்திருங்கள்.

* தடுப்பைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியவில்லை. தரை, வெயில் எல்லாம் நான் போட்டவை. தாகம் அவனுடையது.