பயனாளி இல்லாத மேடை

எங்கள் ஊரில் நன்னெஞ்சர் சங்கம் என்று ஒன்று உண்டு. அதில் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் ‘நன்னெஞ்சர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். வாடகை பாக்கிக்காகக் கோர்ட்டுக்குப் போய்ச் சண்டை போடும் இரண்டு பேர்கூட, சங்கத்துக்குள் வந்துவிட்டால் நன்னெஞ்சரே, நன்னெஞ்சரே என்று குழைவார்கள். தலைவர் டைல்ஸ் கடை முதலாளி. செயலாளர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்.

என் மனைவி அந்த டைல்ஸ் கடையைக் கூட்டித் துடைக்கிறாள். நான் காய்கறி மார்க்கெட்டில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவன். முதுகெலும்பில் ஏதோ நழுவிப் போன பிறகு, இறக்கியவன். இனிமேல் முதுகில் எதையும் ஏற்றக் கூடாது என்றார் டாக்டர். ஏற்றாமல் எப்படிச் சாப்பிடுவது என்று அவர் சொல்லவில்லை. அதற்கு வேறு டாக்டரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

ஒரு தள்ளுவண்டி இருந்தால் பிழைத்துக்கொள்வேன். மார்க்கெட்டில் சொந்த வண்டி வைத்திருக்கிறவனுக்கு வேலை தட்டாது. மனைவி தயங்கித் தயங்கி முதலாளியிடம் கேட்டாள். அவர் கேட்ட மாத்திரத்தில் சரி என்றுவிட்டார்.

“ஆண்டு விழாவுல குடுத்துடலாம்மா. மாநிலத் தலைவரே வர்றார். உன் வீட்டுக்காரன நல்லா சவரம் பண்ணாம வரச்சொல்லு.”

வண்டி தயாராகி டைல்ஸ் கடை வாசலில் நின்றது. வயசான பிறகு லாரி ஷெட்டில் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். அதனால் நின்று நிதானமாக வாசித்தேன். முன்னால் சங்கத்தின் பெயர். இரண்டு பக்கமும் தலைவர் பெயர். பின்னால் செயலாளர் பெயர், போன் நம்பரோடு, இன்ஷூரன்ஸ் தேவைப்படுகிறவர்களுக்காக. மூட்டை வைக்கிற பலகையை மட்டும் விட்டிருந்தார்கள். பெயின்ட் தீர்ந்திருக்கும்.

விழாவுக்கு முந்தின வாரம் செயலாளர் எங்கள் வீடு தேடி வந்தார். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள் மனைவி. அவர் அதைத் தானும் ஒரு முறை துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“ஏம்ப்பா, நீ நன்னெஞ்சர் ஆயிடு.”

“நானா? எதுக்குங்க?”

“இந்த வருஷம் எந்தக் கிளை அதிகமா புது உறுப்பினர் சேர்க்குதோ அதுக்குத்தான் கேடயம். பக்கத்து ஊர்க்காரனுங்க வளைச்சு வளைச்சு சேத்துட்டானுங்க. நமக்கு ஆள் பத்தல.”

“சந்தா அது இதுன்னு...”

“முதல் வருஷம் தலைவர் பாத்துக்குவார். நீ மேடையில ஏறி பேட்ஜ் குத்திக்கிட்டா போதும்.”

மனைவி கதவோரமாக நின்றபடி கேட்டாள். “வண்டிக்கு ஒண்ணும் பங்கம் வராதுல்ல சார்?”

“வண்டி எங்கம்மா போயிடப்போகுது? அங்கதானே நிக்குது.”

இதேபோல இஸ்திரி போடுகிறவர் வீட்டுக்கும் தையல்காரம்மா வீட்டுக்கும் போயிருக்கிறார். இஸ்திரிக்காரருக்குப் புதுப் பெட்டி, தையல்காரம்மாவுக்கு மெஷின் என்று முன்பே முடிவாகியிருந்தது. உதவி கேட்டவர்களின் விலாசமெல்லாம் கையில் இருந்ததால் அவருக்கு அலைச்சல் மிச்சம்.

விழா நாள் வந்தது. மாநிலத் தலைவர் கோட் போட்டுக்கொண்டு, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். வண்டி, மெஷின், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் மேடை ஓரத்தில் ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். நான் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

முதலில் புது உறுப்பினர் ஏற்பு. எங்கள் மூன்று பேரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். “எனக்கென்று எதையும் கேளேன், பிறர்க்கென்றே வாழ்வேன்” என்று செயலாளர் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னோம். பேட்ஜ் குத்தினார்கள். கீழே இறங்கும்போது செயலாளர் என் தோளைப் பிடித்து, “பாத்து இறங்குங்க நன்னெஞ்சரே” என்றார். காலையில்தான் ‘ஏய், அந்த நாற்காலியத் தள்ளிப் போடு’ என்றவர்.

கேடயம் எங்கள் கிளைக்கே. தலைவர் அதைக் கைப்பிள்ளைபோல வாங்கி அணைத்துக்கொண்டார்.

அடுத்து நலத்திட்ட உதவி. செயலாளர் மைக்கில் பயனாளிகளைக் கூப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் எழுந்தோம். மாநிலத் தலைவர் எங்கள் சட்டையைப் பார்த்தார், அதிலிருந்த பேட்ஜைப் பார்த்தார்.

“இவங்க இப்பத்தானே உறுதிமொழி எடுத்தாங்க?”

“ஆமாங்க நன்னெஞ்சரே.”

“உறுப்பினரோ, அவர் மனைவி மக்களோ சங்கத்து உதவியை வாங்கக் கூடாது. அது அடிப்படை விதியாச்சே. வேற பயனாளிகளக் கூப்பிடுங்க.”

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கேடயத்தைப் பார்த்தார். எங்கள் பேட்ஜைக் கழற்றினால் கேடயம் போய்விடும். கழற்றாவிட்டால் வாங்க ஆள் இல்லை. ஊரில் ஏழைக்கா பஞ்சம்? ஆனால் கையில் இருந்தவர்களையெல்லாம் நன்னெஞ்சர்களாக்கி முடித்திருந்தார்கள்.

“நான் வேணா இதக் கழட்டிடறேன் சார்” என்றேன், பக்கத்தில் நின்ற செயலாளரிடம் மெதுவாக.

“வாய மூடிட்டு உட்காருங்க நன்னெஞ்சரே” என்றார் அவர், அதைவிட மெதுவாக.

தலைவரின் கண் மண்டபத்தைத் துழாவிக் கடைசி வரிசையில் போய் நின்றது. அங்கே அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, சாப்பாட்டுக்காகக் காத்திருந்தார். சிமென்ட் கடை வைத்திருக்கிறார். மாமாவுக்குக் கீழே உறுப்பினராக இருக்க மாட்டேன் என்று வீம்பாகச் சங்கத்தில் சேராதவர். அந்த வீம்பு அன்றைக்குப் பயன்பட்டது.

மச்சானை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வருகிற வழியில் தங்கச் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டார் செயலாளர். கைக்கடிகாரத்தை மச்சானே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

“கொஞ்சம் சோகமா நில்லுங்க” என்றார் போட்டோக்காரர்.

“பசியில நிக்கிறேன்யா, இதுக்கு மேல என்ன சோகம்?” என்றார் மச்சான்.

வண்டியை வாங்கினார். மெஷினை வாங்க வேறு ஆள் இல்லாததால் மறுபடி அவரே வந்தார். மூன்றாவது தடவை, இஸ்திரிப் பெட்டிக்கு, போட்டோக்காரர் அவரை முகம் தெரியாமல் திரும்பி நிற்கச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் மச்சான் மெஷினையும் இஸ்திரிப் பெட்டியையும் வண்டியில் ஏற்றித் தன் கடைப் பையன்களை விட்டுத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். மாநிலத் தலைவர் கைதட்டினார். தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று நானும் தட்டினேன்.

மறுநாள் தலைவரிடம் போனேன்.

“வாங்க நன்னெஞ்சரே.”

“ஐயா, என் வண்டி...”

“மேடையில எல்லார் முன்னாடியும் குடுத்தது. போட்டோ பேப்பர்ல வந்தாச்சு. திருப்பி வாங்கினா அவன் என்ன நெனைப்பான்? அவன் அக்கா இருக்கா என் வீட்ல.”

“அப்ப நான் சங்கத்துலருந்து விலகிக்கிறேன்.”

“தாராளமா. ஆனா விலகினவங்க மூணு வருஷம் உதவி வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு.” நேற்றுவரை ஒரு விதியும் தெரியாதவர், ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தார்.

வேறு வழியில்லாமல் சிமென்ட் கடைக்குப் போனேன். மச்சான் கெட்ட மனுஷன் இல்லை.

“வண்டி சும்மாதான் நிக்குது. பையனுங்களுக்குக் கடை வேலையே சரியா இருக்கு, தள்ள ஆள் இல்ல. வேணும்னா நீ தள்ளு, நாள் கூலி தர்றேன். வண்டி வாடகையக் கழிச்சுக்குவேன்.”

இப்போது அந்த வண்டியைத்தான் தள்ளுகிறேன். தக்காளி மூட்டைக்குப் பதில் சிமென்ட் மூட்டை. முதுகுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதில் ஏற்றுவதும் இறக்குவதும் என் பொறுப்பு, நடுவில் மட்டும் சக்கரத்தின் பொறுப்பு. தையல்காரம்மாவும் சிமென்ட் கடைக்காரர் வீட்டுக்குப் போய் அந்த மெஷினில் அவர் வீட்டுத் துணியைத் தைத்துக் கொடுக்கிறாள். இஸ்திரிக்காரர் மட்டும் மானஸ்தர், பழைய பெட்டியே போதும் என்றுவிட்டார்.

போன வாரம் செயலாளர் வழியில் நிறுத்தினார்.

“நன்னெஞ்சரே, ஞாயித்துக்கிழமை சங்கத்துல இலவச முதுகுவலி முகாம். பெரிய ஸ்பெஷலிஸ்ட் வர்றார்.”

என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

“உறுப்பினர்களுக்குக் கிடையாது. நாற்காலி எடுத்துப் போட ஆள் வேணும். நீங்க வண்டியோட வந்துடுங்க.”

ராத்திரி இதை மனைவியிடம் சொன்னேன். அவள் என் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“போய்ட்டு வா. பேட்ஜக் குத்திக்கிட்டுப் போ” என்றாள். “வலிக்குதுன்னு மட்டும் அங்க யார்கிட்டயும் சொல்லிடாத. எனக்கென்று எதையும் கேளேன்னு மைக்குல சொன்னவன் நீ.”