கடைசி விலை கேட்காத ஆள்

திங்கட்கிழமை காலை, பழைய சாமான் விற்று வாங்கும் ‘சாச்சரா’ செயலி ஒத்திலியாவுக்கு ஒரு நற்செய்தி அனுப்பியது. இனிமேல் விற்பவர்களிடம் கமிஷன் கிடையாது. செய்தியோடு காகிதப்பூக்களும் திரை முழுக்கப் பொழிந்தன. பூமழை ஓயும்வரை ஒத்திலியா காத்திருந்தாள். ஆறு வருடமாகத் தன்னிடம் கமிஷன் பிடித்த நிறுவனம் திடீரென்று மனம் திருந்துவதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று யோசித்தாள். நல்ல காரணம் எதுவும் தட்டுப்படவில்லை.

ஒத்திலியா விற்பது பழைய குழந்தைச் சாமான்கள். நகரத்தின் இஸ்தபலாப்பா பகுதியில் கூடும் ஞாயிறு சந்தையில் தள்ளுவண்டியும் தொட்டிலும் வாங்கி வருவாள். பிசுக்கைச் சுரண்டி, கழன்றதை முடுக்கி, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துச் செயலியில் போடுவாள். முன்பின் தெரியாத குழந்தை எச்சில் வடித்த வண்டியை ஒருத்தி காசு கொடுத்து வாங்குகிறாள் என்றால், அது ஒத்திலியாவின் பெயருக்குப் பக்கத்தில் மின்னும் ஐந்து நட்சத்திரங்களுக்காகத்தான். கணக்கை மூடிவிட்டால் நட்சத்திரமும் போய்விடும். நட்சத்திரம் இல்லாத பெண்ணிடம் தொட்டில் வாங்க, அந்த ஊரில் எந்தத் தாயும் இன்னும் பிறக்கவில்லை.

புதன்கிழமை காரணம் தெரிந்துவிட்டது. அவள் போட்டிருந்த விலைக்குக் கீழே எறும்பு அளவு எழுத்தில் இன்னொரு வரி முளைத்திருந்தது. நம்பிக்கைக் கட்டணம், வாங்குபவர் செலுத்த வேண்டியது. யார் மேல் யாருக்கு நம்பிக்கை என்று விளக்கம் இல்லை.

“ஏங்க விலைய ஏத்திட்டீங்க?” என்று கேட்டாள் தள்ளுவண்டிக்கு வந்த ஒருத்தி.

“நான் ஏத்தல.”

“அப்ப யாரு, வண்டியே ஏத்திக்கிச்சா?”

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: செயலியை விட்டுவிடலாம், மெட்ரோவில் சந்திக்கலாம், கையில் காசு, கையில் சாமான். ஒத்திலியாவுக்கும் அது சௌகரியம்தான். ஆனால் செயலி உரையாடல்களைப் படித்தது. ‘ரொக்கம்’ என்று ஒரே ஒருமுறை எழுதியதற்கு அவள் கணக்கில் மஞ்சள் எச்சரிக்கை விழுந்துவிட்டது. இன்னொன்று விழுந்தால் கணக்கை மூடிவிடுவார்கள்.

விற்கிற பெண்கள் சும்மா இருப்பார்களா? ரகசியப் பேச்சு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ‘காபிக்குச் சர்க்கரை வேணாம்’ என்றால் கட்டணம் இல்லாமல் முடித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். ஒரே வாரத்தில் நகரம் முழுக்கச் சர்க்கரையை வெறுத்தது. அடுத்த வாரம் செயலி சர்க்கரை என்ற சொல்லையே தடைசெய்தது. ஒஃபேலியா என்ற அப்பாவி நிஜமாகவே ஒரு பீங்கான் சர்க்கரைக் கிண்ணம் விற்கப் போட்டிருந்தாள். அவள் கணக்கு அன்று மாலையே காலி.

“இப்ப ஆள வேற அனுப்புறாங்களாம் கொமாத்ரே” என்றாள் சொகோர்ரோ. ஒத்திலியாவின் மகளுக்கு ஞானத்தாய்; அந்த உறவில்தான் ‘கொமாத்ரே’ என்று கூப்பிடுவாள். பழைய மிக்ஸியும் வாணலியும் விற்பவள். “வாங்குற மாதிரி வந்து, காசு கை மாறும்போது அமுக்கிடுவாங்களாம்.”

“எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“கடைசி விலை கேக்க மாட்டான். ஆபீஸ் காசுல வாங்குறவன் எதுக்குப் பேரம் பேசப்போறான்?”

மறுநாள் ஹெனாரோ என்பவனிடமிருந்து செய்தி வந்தது. ‘வணக்கம். நீலத் தள்ளுவண்டி வேண்டும். விலை சரி.’

ஒத்திலியா அதை இரண்டு முறை படித்தாள். ஆறு வருடத்தில் விலை சரி என்று எழுதிய முதல் ஆள். சொந்தத் தாயே அவளிடம் ஒரு தொட்டிலுக்கு மூன்று நாள் பேரம் பேசியிருக்கிறாள்.

‘காபி குடிப்பீர்களா?’ என்று அடுத்த செய்தி.

‘காபி குடிப்பதில்லை. டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார்’ என்று பிடிகொடுக்காமல் பதில் எழுதினாள். ஆனால் கட்டணம் வந்ததிலிருந்து ஒரு ஆணிகூட விற்கவில்லை. வண்டியைப் பார்க்க வேண்டுமானால் பார்க்கலாம், வெறுமனே பார்க்கலாம் என்று சொல்லி, சபகானோ மெட்ரோ நிலையத்துக்கு வரச் சொன்னாள்.

அங்கே எல்லாரும் செய்வதுதான். விற்பவள் ரயிலில் வந்து, டிக்கெட் போட்டு நுழைகிற சுழல்தடுப்புக்கு உள்பக்கம் நிற்பாள். வாங்குபவர் தெருவிலிருந்து இறங்கி வெளிப்பக்கம் நிற்பார். தடுப்புக்கு மேலாகச் சாமான் ஒரு பக்கமும் காசு மறுபக்கமும் போகும். காவலுக்கு நிற்கிற போலீஸ்காரர் கூரையைப் பார்ப்பார். சொகோர்ரோ துணைக்கு வந்திருந்தாள். யாரோ போலத் தூணோரம் நின்று, இலையைப் பிரித்து, சோளமாவில் அவித்த தமால் தின்றுகொண்டிருந்தாள்.

ஹெனாரோ வந்தான். முப்பது வயது இருக்கும்; இஸ்திரி போட்ட சட்டை. சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையின் நாடா வெளியே தொங்கியது. ஆரஞ்சு நிறம். அதில் சாச்சரா என்று எழுதியிருந்தது. ஒற்றனுக்கு இவ்வளவு அஜாக்கிரதை கூடாது என்று ஒத்திலியாவுக்கே தோன்றியது.

“இந்த வண்டிதானே சென்யோரா?” என்று பணத்தை எடுத்தான்.

“இது விக்கிறதுக்கில்ல.”

“பின்ன?”

“சும்மா காத்தாடக் கொண்டாந்தேன்.”

“குழந்தை எங்க?”

“காலேஜுக்குப் போயிருக்கு.”

ஹெனாரோ வண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தூணோரம் பார்த்தான். சொகோர்ரோ மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். அவன் முகம் வெளிறிவிட்டது. பணத்தை அவசரமாக உள்ளே வைத்தான்.

“அந்தம்மா உங்க ஆளா? எங்க ஆபீஸ்லயிருந்து அனுப்புனாங்களா உங்களை?”

“எங்களை யாரு அனுப்பப் போறா?”

“விக்கிறேன்னு வரச்சொல்லிட்டு, காசை நீட்டுனா விக்கலைங்கிறீங்க. ஊழியர்களைப் பிடிக்க இப்படித்தான் ஆள் வைக்கிறாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. கெஞ்சிக் கேக்கறேன், வேலையைக் கெடுத்துறாதீங்க. அடுத்த மாசம் குழந்தை. அந்தக் கட்டணத்த எங்களுக்கும் தள்ளுபடி பண்ண மாட்டாங்க.”

“அங்க என்ன வேலை உனக்கு?”

“சாட் படிக்கிற பிரிவு.” குரலைத் தாழ்த்தினான். “சர்க்கரைய நிறுத்துனது நான்தான்.”

சொகோர்ரோ யாரோ போல நிற்பதை மறந்து நேரே வந்தாள். “ஒஃபேலியாவோட கிண்ணம் உன் கைங்கரியந்தானா?”

“அது மிஷின் பண்ணது, சென்யோரா. நான் சொல்லை மட்டும்தான் போட்டேன்.”

ஒத்திலியா யோசித்தாள். அழுகிற மாதிரி நிற்பதற்கும் சம்பளம் கொடுப்பார்களாயிருக்கும். “நீ நெசமாவே வாங்க வந்தவன்னா பேரம் பேசு பாப்போம்” என்றாள்.

அவன் தொண்டையைக் கனைத்தான். வண்டியின் விலை ஆயிரத்து இருநூறு பெசோ. “ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்தஞ்சு?”

சொகோர்ரோ நெற்றியில் அடித்துக்கொண்டாள். “தம்பி, மொதல்ல மூஞ்சியச் சுளிக்கணும். அப்புறம் குனிஞ்சு பாத்து, சக்கரம் தேஞ்சிருக்கேன்னு சொல்லணும். கடைசியா எவ்வளவுன்னு கேக்கணும். அவ சொன்னதும் ரெண்டு எட்டு நடந்து போயிடணும். போ, போய்க் காட்டு.”

ஹெனாரோ மூஞ்சியைச் சுளித்தான், குனிந்தான், சக்கரம் தேய்ந்திருக்கிறதே என்றான், இரண்டு எட்டு நடந்தான். போலீஸ்காரர் கூரையிலிருந்து கண்ணை இறக்கிப் பார்த்தார். இவ்வளவு மோசமாக யாராலும் நடிக்க முடியாது; அந்த அளவுக்கு அவன் மேல் ஒத்திலியாவுக்கு நம்பிக்கை வந்தது.

ஆனால் காசை வாங்க அவள் கை நீளவில்லை. கொடுக்க அவன் கையும் நீளவில்லை. அவன் நாளைக்கு அவளைக் காட்டிக்கொடுத்தால் கணக்கு போகும். அவள் அவனைக் காட்டிக்கொடுத்தால் வேலை போகும். இரண்டு பேருக்கும் பயமில்லாத வழி ஒன்றுதான் இருந்தது.

“செயலியிலேயே முடிச்சிருவோம்” என்றாள் ஒத்திலியா.

“அந்தக் கட்டணம்?”

“அந்த அளவுக்கு நான் விலையைக் கொறைச்சுப் போடுறேன். எழவு, நீ குடுக்கிறது அதே ஆயிரத்து இருநூறுதான்.”

அவள் அங்கேயே நின்று விலையைக் குறைத்தாள். அவன் தடுப்புக்கு வெளியே நின்று வாங்கினான். ஒத்திலியாவின் திரையில் பூமழை பெய்தது. ‘வாழ்த்துகள் ஒத்திலியா! இந்த விற்பனையில் நீங்கள் செலுத்திய கமிஷன்: பூஜ்யம்.’ பழைய கமிஷன், இப்போது அவள் குறைத்துப் போட்ட தொகையைவிடக் குறைவு என்பது அவளுக்கு மனக்கணக்கிலேயே தெரிந்தது. பூக்களை விரலால் தள்ளிவிட்டாள்.

வண்டியைத் தடுப்புக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தார்கள். போலீஸ்காரரும் ஒரு கை பிடித்தார். ஹெனாரோ நன்றி சொல்லி, நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவதாகச் சொன்னான். போட்டது நான்கு.

“ஏய் தம்பி, நாலா? யாருமே எனக்கு அஞ்சுக்குக் கொறைச்சது இல்ல.”

“அஞ்சு போட்டா சந்தேகம் வரும் சென்யோரா. ஊழியர் தெரிஞ்சவங்களுக்குப் போட்டதுன்னு எங்க பிரிவுக்கே வந்துரும்.” வண்டியை உருட்டியபடி படியேறி வெயிலில் மறைந்தான்.

திரும்பும் ரயிலில் சொகோர்ரோ தமால் இலையை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “கொமாத்ரே, அவன் நெசமாவே ஆபீஸ் அனுப்புன ஆளா இருந்தா?”

“எதையும் பிடிக்கலையே. வெறுங்கையோட போயிட்டான்.”

“வெறுங்கையோடயா? வண்டியையும் வாங்கி, கட்டணத்தையும் உன் தலையிலயே கட்டிட்டுப் போயிருக்கான். இதைவிட அவன் ஆபீசுக்கு வேற என்ன வேணும்?”

ஒத்திலியா ஜன்னலைப் பார்த்தாள். சுரங்கத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“பேரம் பேசவும் கத்துக்கிட்டான்” என்றாள் சொகோர்ரோ. “நாமதான் கத்துக்குடுத்தோம்.”

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கைபேசி அதிர்ந்தது. புது ஆள், படத்துக்குப் பதில் ஒரு நாய். குழந்தை உட்கார்ந்து சாப்பிடும் உயர நாற்காலியைக் கேட்டிருந்தான். ‘கடைசியாக எவ்வளவு? சக்கரம் தேய்ந்திருக்கிறதே.’

ஒத்திலியா திரும்பிச் சுவரோரம் இருந்த நாற்காலியைப் பார்த்தாள். நான்கு மரக்கால்கள். சக்கரமே கிடையாது.

உட்கார்ந்து பதில் எழுதினாள்: ‘நான் காபி குடிப்பதில்லை.’