கொன்றைவிளைக்குரிய ஒரு மணித்துளி

கிழக்கே அகத்தியர் மலைமுகட்டில் படிந்த பனி கலையாதிருக்க, மேற்கே கடற்காற்று தென்னந்தலைகளைக் கோதியபடி வர, இடையே செம்மண் மேடும் மரவள்ளிச் சரிவும் வாழைப் பள்ளமுமாய் ஏறியும் இறங்கியும் கிடக்கும் நெய்யாற்றின் தென்புல நிலத்தில், பொழுது புலரும் வேளைக்கு ஒரு தனியழகு உண்டு. இரப்பர்ப் பால்மரத் தோட்டங்களில் பட்டை கீறுவோரின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாய் அணையும். கோயில் மணியும் தேவாலய மணியும் ஒன்றையொன்று முந்தாமல் மாறிமாறி ஒலிக்கும். அந்நிலத்தின் நடுவே, நாகர்கோயிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் இருப்புப்பாதை வளைத்த வில்லைப்போல் வளையும் இடம் ஒன்று உளது. இன்று அவ்வழியே செல்வோர் பலகணியின் ஊடே நோக்கினால், கூரையிழந்த சிற்றறையொன்றும் புல் மூடிய தாழ்ந்த மேடையொன்றும் தென்படும். என்னவென்று எண்ணுமுன்னர் வண்டி கடந்துவிடும். படிப்பவரே, அதுவே எங்கள் கொன்றைவிளை நிறுத்தம். அதனைப் பாழிடம் என்று எண்ணிவிடாதீர். பெருமையோடு வாழ்ந்து பெருமையோடே ஓய்ந்த இடம் அது.

அங்கே வண்டி நிற்பது ஒரேயொரு மணித்துளி. அத்தகைய சிறு நிறுத்தங்களில் அலுவலர் இரார். ஊரார் ஒருவரே தரகு பெற்றுச் சீட்டு விற்பது வழக்கம். கொன்றைவிளையில் அப்பணியை ஏற்றவள் என் மனைவி ஜெபமலர். விடியுமுன் மேடையைப் பெருக்கி, மண்குடத்தில் நீர் நிரப்பி, சாளரத்தைத் திறந்து அவள் அமர்ந்துவிட்டால், பிறகு வண்டியே காலந்தாழ்த்தினாலும் அவள் தாழ்த்தியதில்லை. தொலைவில் தண்டவாளம் முனகக் கேட்டதும், வேப்பங்கிளையில் தொங்கிய இரும்புத் துண்டைத் தட்டுவாள். அவ்வொலி கேட்டால் வாழைத் தோட்டத்தில் நிற்பவனும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு விரைவான்.

தொடக்க நாளில் அந்த ஒரு மணித்துளி எங்களுக்குப் பகையாகவே இருந்தது. மேடையோ தாழ்ந்தது, வண்டியோ மேடையினும் நீண்டது, ஏறுவோர் எல்லாரும் நடுப்பெட்டியின் வாயிலையே முட்டிமோதினர். அந்நெருக்கடியில்தான் தலைநகர் திருவனந்தபுரத்தில் கடைநிலை ஊழியராயிருந்த லிங்கம் கைப்பிடி நழுவி வீழ்ந்து வலப்பாதத்தை இழந்தார். குருதி தோய்ந்த கற்களைத் தன் கையாலேயே கழுவிய ஜெபமலர், மறுநாள் ஊராரை நிறுத்தி ஒரு முறைமை வகுத்தாள். பாதையோரத்து மரங்களே அதற்கு எல்லைக் கற்களாயின. முகப்பில் நிற்கும் அயனி மரத்தடி, தலைநகரத்துக் கரமனைக்கும் ஸ்ரீவராகத்துக்கும் பிச்சிப்பூக் கொண்டுசெல்லும் மங்கலத்துக்கும் அவள் கூட்டத்துக்கும் உரியது. நடுவிலுள்ள புன்னையடி அலுவலகம் செல்வோர்க்கு. கடைசிக் கொல்லாமரத்தடி மாணவர்க்கும் மரக்கறிக் கூடைக்காரர்க்கும். முதலில் ஏறுபவர் வாயிலில் நின்று கைகொடுக்க வேண்டும். அடுத்து சுமை, அதன்பின் முதியோர், பிறகே மற்றையோர். வலிமை குன்றியவர் என்று எல்லாரும் இரங்கிய லிங்கத்தைப் புன்னையடிக் கூட்டம் முதலில் தூக்கி ஏற்ற, அவர் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாயிலில் நின்று மற்றவர்க்கெல்லாம் கைகொடுப்பார். அன்றுமுதல் அங்கே எவரும் வீழ்ந்ததில்லை, எவரும் விடுபட்டதுமில்லை, எங்களால் வண்டி ஒருநொடியும் தாழ்ந்ததில்லை.

இவ்வாறு ஆண்டுகள் பல சென்றபின், பயன் குறைந்த நிறுத்தங்களை நீக்கப் போவதாய்ச் செய்தி எழுந்தது. எங்கள் மக்களிற் பெரும்பாலோர் மாதம் முழுதும் செல்லும் பயணச் சீட்டைப் பெரிய நிலையத்தில் பெற்றுவந்தமையால், ஜெபமலரின் சாளரத்தில் விற்பனை மெலிந்தே காணப்பட்டது. ஆகவே ஏறுவோரை நேரிற் கண்டு எழுத அலுவலர் ஒருவர் வருவார் என்று அறிவித்தனர். நிறுத்தம் நிலைப்பதும் நீங்குவதும் அந்த ஒரு காலைப்பொழுதில் அடங்கியிருந்தது.

முந்தைய நாள் மாலை, விழிஞ்ஞம் துறைமுகத்தில் சரக்கு வண்டி ஓட்டும் ஷைஜு தன் தோழரோடு எங்கள் முற்றத்துக்கு வந்தான். தேவாலயத்தாரையும் கோயில் திருவிழாக் குழுவினரையும் திரட்டிவந்து மேடை நிறைய நிறுத்திவிடலாம் என்பது அவன் எண்ணம்.

"அக்கா, வண்டி கேற முடியாம ஆளு தொங்கணும். அதக் கண்டா சாரு ஒரு மினிட்டு பத்தாது, ரெண்டு வேணுமுன்னுல்லா எழுதுவாரு," என்றான்.

"அவரு நம்மளக் கண்டாத்தானடே எழுதுவாரு? கண்ணு சிமிட்டுகதுக்குள்ள நாங்க கேறிருவோமே," என்று மங்கலம் நகைத்தாள்.

அந்நகைப்பில் வருங்காலம் ஒளிந்திருந்தது. எங்களுள் எவரும் அறிந்திலோம். ஜெபமலர் சொன்னாள்: "வேண்டாம் மக்களே. வருகவனுக்கு அவனவனுக்க மரம் எதுன்னு தெரியாது. தள்ளுவான், விழுவான். இன்னொரு காலு போயி இந்த ஸ்டாப்பு நிக்கவேண்டாம். நாம என்னைக்கும் போலத்தான் போவோம்."

ஷைஜு, மூலையில் அமர்ந்திருந்த லிங்கத்தை நோக்கினான். அவர் ஊன்றுகோலை நிலத்தில் ஒருமுறை தட்டி, "மலரு சொன்னதுதான்," என்றார். பேச்சு அத்துடன் முடிந்தது.

மறுநாள் அலுவலர் வந்தார், இனியவர், நீர் வாங்கிப் பருகிச் சிற்றறையின் முன் நின்றார். மேடை வெறிச்சோடிக் கிடந்தது. மக்களோ தத்தம் மரநிழலில் நின்றனர். முகப்பும் கடைப்புறமும் பாதையின் வளைவில் மறைந்திருந்தன. வண்டி வந்தது, நின்றது. கைகள் நீண்டன, கூடைகள் எழுந்தன, மலர்மூட்டைகள் அன்னம்போல் மிதந்து உள்ளே சென்றன. அலுவலர் கண்ணாடியைத் துடைத்து அணிந்து நிமிர்வதற்குள், மணித்துளியிற் பாதியும் கழியாத நிலையில் வண்டி நகர்ந்தது. லிங்கத்தையும் அவரை அடுத்து ஏறிய ஓரிருவரையும் மட்டுமே அவர் கண்டார்.

"இத்தனை பேர்தானா, அம்மா?" என்று வினவினார்.

"இல்ல சாரே, நெறைய பேரு உண்டு. எல்லாரும் கேறியாச்சு," என்றாள் ஜெபமலர்.

கண்ணாற் காணாததை எழுத இயலாதென்று அவர் வருந்தியே கூறினார். உண்மையாளர், அவரை நாங்கள் ஒருபோதும் நொந்ததில்லை. எந்தத் திறமையால் நாங்கள் தலைநிமிர்ந்தோமோ, அதுவே எங்களை அவர் கண்ணினின்றும் மறைத்துவிட்டது.

நிறுத்தத்தை நீக்கும் ஆணை வந்தது. இறுதி நாள் காலை, பயணம் செல்வோரும் செல்லாதோருமாய் ஊர் முழுதும் திரண்டது. பாதையில் அமர்ந்து வண்டியை மறித்துவிட ஷைஜுவும் இளைஞரும் முனைந்தனர். ஜெபமலர் அவர்களைக் கடிந்திலள், இரும்புத் துண்டைத் தட்டும் கோலை ஷைஜுவின் கையில் கொடுத்து, "இன்னைக்கு நீ அடி. நேரத்துக்கு வந்தத நேரத்துக்கு விடணும், கேட்டியா?" என்றாள். அவன் கண்கலங்க அடித்தான்.

வண்டி நின்றது. செல்வோர் வழக்கம்போல் இமைப்பொழுதில் ஏறினர். ஆயினும் வண்டி நகரவில்லை. கடைப்பெட்டியிலிருந்த வண்டிக்காவலர், பச்சைக் கொடியைச் சுருட்டிய நிலையிலேயே கையில் ஏந்தி, கீழிறங்கி நின்று எங்களை நோக்கினார். அத்துணை ஆண்டுகளில் நாங்கள் பாதியைத் திருப்பிக் கொடுத்தே பழகிய அந்த மணித்துளியை, அன்று அவர் முழுமையாய் எங்களுக்கு அளித்தார். தென்னையில் காற்று அசைந்தது, பிச்சி மணத்தது. மணித்துளி நிறைந்ததும் கொடி விரிந்தது. வண்டி, குறித்த பொழுதில் ஒருநொடியும் பிந்தாமல் புறப்பட்டது. ஜெபமலர் சாளரத்தை மூடிவிட்டு நிமிர்ந்தே இல்லம் நடந்தாள்.

சென்ற ஆவணியில் அவள் மறைந்தாள். எங்கள் இல்லத்துச் சந்து குறுகியது. ஆகவே கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துச்செல்லும் ஊர்தி, பழைய நிறுத்தத்தின் சரிவில்தான் நிற்க வேண்டியதாயிற்று. தலைநகரிலிருந்து வந்த ஓட்டுநர், சரிவில் பேழையை ஏற்ற நேரம் பிடிக்குமே என்று கவலையுற்றார். நான் பேழையின் பின்னே தலைகுனிந்து வந்துகொண்டிருந்தேன், நிமிர்ந்தபோதுதான் கண்டேன். எவரும் சொல்லாமலே மங்கலமும் பூக்காரப் பெண்களும் அயனி மரத்தடியில் நின்றனர், புன்னையடி நிறைந்திருந்தது, கொல்லாமரத்தடியில், அன்று மாணவராயிருந்தோர் தம் மக்களோடு நின்றனர். லிங்கத்தைப் புன்னையடியார் முதலில் ஊர்தியில் ஏற்றினர். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வாயிலில் நின்று கைநீட்டினார். ஷைஜு வேம்பின் இரும்புத் துண்டை ஒருமுறை தட்டினான்.

படிப்பவரே, நிலைத்து நிற்பது மட்டுமே பெருமையன்று. பிறரை வீழாமல் ஏற்றிவிட்டு ஓய்வதும் பெருமையே. அவளை ஏற்றுவதற்கு எங்களுக்கு அரை மணித்துளியும் தேவைப்படவில்லை. ஊர்தி, குறித்த பொழுதிலேயே புறப்பட்டது.