எல்லாக் கட்டத்திலும் டிக்

புதுப் போன் வெளியாவதற்கு முந்தைய வாரம் எங்கள் கம்பெனியில் யாருக்கும் சோறும் இறங்காது, தூக்கமும் பிடிக்காது. தினம் ஒரு கதை இணையத்தில் தீயாகப் பரவ வேண்டும். ஷென்சென் நகரத்தில் போன் செய்கிற கம்பெனிகளுக்கா பஞ்சம்? நாங்கள் ஒரு நாள் வாயை மூடினால் அடுத்த தெருக்காரன் பேசிவிடுவான். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் விளம்பரத் தலைவர் ஃபாங், "ஊரையே அழ வைக்கிற மாதிரி ஒரு ஆளைக் கண்டுபிடிங்க" என்று சொல்லி எங்களைக் கண்ணாடி அறைக்குள் அடைத்தார்.

நான் தகவல் பிரிவு. மக்கள் போனில் எதை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள், எந்த வரியை அடிக்கடி தட்டுகிறார்கள் என்பதெல்லாம் எங்கள் திரையில் வந்து விழும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பெயர் இல்லாவிட்டால் பாவமும் இல்லை என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"யின் லான் அக்கா, இந்த ஆளைப் பாருங்களேன்" என்றாள் பக்கத்து இருக்கை டெங். வாய் ஓயாதவள். சுவரிலிருந்த பெரிய திரையில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினாள். "காலைல ஆபீஸ் போற மாதிரி கிளம்பறாரு. நேரா லொங்ஹுவா நூலகம். சாயங்காலம் வரைக்கும் அங்கயேதான். நாலு மாசமா இதே கதை! அதிகமா தட்டற வரி என்ன தெரியுமா? 'மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்.'"

அறையே சிரித்தது. "நூலகத்துல என்னடி மீட்டிங்? புஸ்தகத்தோடயா?" என்று யாரோ கேட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வரி முந்தின நாள் மதியம் என் போனுக்கு வந்திருந்தது. அதற்கு முன் வெள்ளிக்கிழமையும் வந்திருந்தது. புள்ளி சாயங்காலம் போய்ச் சேர்கிற கட்டடத்தைப் பார்த்தேன். என் வீடு இருக்கிற கட்டடம்.

குவோ பெங், என் கணவன். மின்சுற்றுப் பலகை செய்யும் ஆலையில் மேற்பார்வையாளன். அப்படித்தான் அன்று காலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் நான்தான் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

ஃபாங் மேசையில் ஓங்கித் தட்டினார். "வேலை போயிருக்கு. வீட்ல சொல்லல. நாட்டுல இவன மாதிரி எத்தன பேரு! வீட்டுக்கே தெரியாதது நம்ம போனுக்குத் தெரிஞ்சிருக்கு. இதவிட என்னய்யா விளம்பரம் வேணும்? மதியம் கேமராவத் தூக்கிட்டுப் போங்க. முன்னாடியே சொல்லாதீங்க. போய் நின்னதும் அவன் மூஞ்சி மாறும் பாரு, அதான் எனக்கு வேணும்."

"எதுக்கு சார் இவ்வளவு?" என்று கேட்டேன். "போன் நல்லா இருந்தா தானா விக்காதா?"

"போன வித்து வர்ற லாபம் டீச் செலவுக்குக் காணாது, லான். ஜனங்க கண்ணு எங்க நிக்குதுன்னு நமக்குத் தெரிஞ்சாதான் விளம்பரக்காரன் நம்ம வாசல்ல வந்து நிப்பான். அந்தக் கண்ணு மொதல்ல நம்ம பக்கம் திரும்பணும்ல? அதுக்குத்தான் இந்தக் கூத்து. ஒன்பது வருஷமா இதுலதான சம்பளம் வாங்கறே, புதுசா கேக்கறே?"

உண்மைதான்.

சட்டப் பிரிவின் சொங் அக்கா பதிவைத் திறந்து பார்த்தார். அவராவது தடுப்பார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அனுமதி பக்காவா இருக்கு. எல்லாக் கட்டத்துலயும் டிக். விளம்பரத்துக்கு எடுத்துக்கலாம்கிற கட்டத்துல கூட! எந்த மடையன் இதுக்கெல்லாம் டிக் போடறான்?"

அந்த மடையன் நான்தான். ஊழியர் வீட்டாருக்குச் சலுகை விலையில் போன் கிடைக்கும். வாங்கின போனில் எத்தனை கட்டத்தில் டிக் விழுகிறதோ அத்தனை மதிப்பெண் எங்கள் பிரிவுக்கு. புத்தாண்டு விருந்தில் குவோ பெங் எனக்காக இறால் உரித்துக்கொண்டிருந்தான். "கையெல்லாம் எண்ணெய், நீயே போட்டு விடு" என்றான். சரசரவென்று போட்டேன், ஒரு வரி கூடப் படிக்கவில்லை. எங்கள் பிரிவில் எல்லார் வீட்டிலும் இதே கதைதான். ஊருக்கு வலை விரிக்கிற நாங்கள், கணக்குக் காட்டுவதற்காகச் சொந்த வீட்டு ஆட்களைத்தான் முதலில் அதில் போட்டோம்.

அந்தப் புள்ளி என் கணவன்தான் என்று சொல்லிவிட்டால்? ஃபாங் குதிப்பார். ஊழியரின் கணவனே என்றால் கண்ணீர் இரண்டு மடங்கு. குவோ பெங்கோ மானத்துக்கு அஞ்சுகிறவன், நாலு பேர் முன்னால் தும்மக் கூடக் கூச்சப்படுவான். அவன் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினால் என்ன செய்துகொள்வானோ? என்னிடம் சொல்லாமல் விட்டானே என்று கோபம் ஒரு பக்கம். அந்தக் கோபத்தைப் பயம் மிதித்துக்கொண்டு முன்னால் போயிற்று.

"இத நிறுத்த வழியே இல்லையா அக்கா?" என்று சொங் அக்காவின் காதருகே கேட்டேன். அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. "அந்த ஆளே அவரோட போன்லேருந்து டிக்க எடுத்தா நிறுத்தித்தான் ஆகணும். வேற யாராலயும் முடியாது."

கீழே வண்டியில் கேமராவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நடைக்கூடத்துக்கு ஓடி அவனை அழைத்தேன். எடுக்கவில்லை. 'மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்' என்று வந்தது.

'நூலகத்த விட்டு வெளிய வந்து கூப்பிடு' என்று தட்டி அனுப்பினேன்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையில் சிவப்புப் புள்ளி மெல்ல நகர்ந்து வாசலுக்கு வந்தது. டெங் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே, "ஐயா வெளிய வர்றாருடோய்!" என்று கத்தினாள். போன் அடித்தது.

"லான்..." என்றான்.

"அதெல்லாம் வீட்ல பேசிக்கலாம். இப்ப நான் சொல்றத மட்டும் செய். அமைப்புகளுக்குப் போ. கடைசில 'தனியுரிமை'ன்னு இருக்கும், அதத் தொடு."

"தொட்டுட்டேன்."

"எல்லா டிக்கையும் எடு. ஒண்ணு விடாத."

"இத்தனையா? இதெல்லாம் எப்ப போட்டேன்?"

"நான்தான் போட்டேன். எடு."

ஒவ்வொன்றாக எடுத்தான். கண்ணாடிக்கு உள்ளே திரையில் புள்ளி சட்டென்று அணைந்தது. "ஆளு போயிட்டான்யா!" என்று ஃபாங் கத்தியது வெளியே வரை கேட்டது. "நல்ல மூஞ்சி போச்சே! சரி, அடுத்த ஆளத் தேடுங்க, சீக்கிரம்!" டெங் விதைத் தோலைத் துப்பிவிட்டு அடுத்த எண்ணைத் திறந்தாள்.

போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றான் குவோ பெங்.

"இன்னைக்குக் காலைலதான்."

"உன் கம்ப்யூட்டர்ல பாத்தியா?"

"ம்."

குழந்தை கேட்பதுபோல் தணிந்த குரலில் கேட்டான். "நீ மட்டும்தானே பாத்தே?"

அறைக்குள் பார்த்தேன். ஒரு மேசை நிறைய ஆட்கள். அவன் வீடு, அவன் நூலகம், அவன் பொய் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். பெயர் மட்டும்தான் தெரியாது.

"ஆமா. நான் மட்டும்தான்."

"அப்பாடா" என்றான். "அப்பச் சரி."