பூட்டிய அலமாரியில் ஒரு விரல் கறை

1

இந்தக் கதை ஒரு விரல் கறையிலிருந்து பிறந்தது. முதலில் 'நான்' என்றுதான் எழுதினேன். கூச்சமாக இருந்தது, அடித்துவிட்டேன். ஆகவே 'அவர்': நூலகத்தில் முப்பது வருஷம் புத்தகக் கட்டு தூக்கியவர். நாற்பது தாண்டித்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார்.

2

காமம் என்பது மனித குலத்தின்...

(வேண்டாம். இந்த வாக்கியம் எனக்குத் தொளதொளச் சட்டை.)

சிற்றின்ப இலக்கியத்தின் வரலாற்றை ஆராய ஓர் அம்மா வந்திருந்தார். பூட்டிய அலமாரிப் புத்தகங்களை நம்மவர்தான் அந்த அம்மாவின் மேசைக்குச் சுமந்து வருவார். ஒருநாள் அந்த அம்மா பழைய காதல் பாட்டுப் புத்தகம் ஒன்றை விரித்துக் காட்டினார்.

"இங்க பாருங்கண்ணே, மத்த பக்கமெல்லாம் பளிச்சுனு இருக்கு. இந்த ஒரு பாட்டுல மட்டும் எவ்வளவு விரல் கறை! நூறு வருஷமா எத்தனை பேர் இதுலயே கிறங்கிக் கிடந்திருக்காங்க! என் கடைசி அத்தியாயமே இதுதான்."

நம்மவர் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். அத்தனையும் ஒரே விரல். அவருடைய ஆள்காட்டி விரல்.

3

[கொஞ்சம் பின்னால் போகிறேன்.]

பூட்டிய அலமாரி இருந்த அறைக்கு மதியத்தில் யாரும் வரமாட்டார்கள்; சாவி நம்மவரிடம்தான். திக்கித் திக்கிப் படிப்பதைக் கேட்டுச் சிரிக்க ஆளில்லை. அந்தப் புத்தகத்தில் எழுத்து பெரிசு, அவ்வளவுதான் அதை எடுத்த காரணம். தூசி விரலை வைத்து ஒரு பாட்டை முடிக்க ஒரு மழைக்காலம் பிடித்தது. அர்த்தம் புரிந்த அன்று காது சுட்டது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒப்பித்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

"படிக்கப் போனீங்களா, கெட்டுப்போகப் போனீங்களா?"

கொஞ்சம் பொறுத்து, "இன்னொரு தரம் சொல்லுங்க."

[அந்தக் குரலை எழுதும் அளவுக்கு நான் இன்னும் எழுத்துப் படிக்கவில்லை.]

4

அந்த அம்மாவின் கடைசி அத்தியாயம் நாளை அச்சுக்குப் போகிறது.

"சொல்லிடட்டுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"சொல்லாட்டி பொய் புத்தகத்துல ஏறிடும். சொன்னா அந்த மழைக்காலத்தையும் சேர்த்துல்ல சொல்லணும்? அது நம்ம ரெண்டு பேரோடது."

ஒரு முடிவு: சொல்கிறார், அந்த அம்மா அத்தியாயத்தைக் கிழிக்கிறார். (பாவம், இரண்டு வருஷ உழைப்பு.)

இன்னொன்று: சொல்லவில்லை. நம்மவர் ஒருவரே நூறு வருஷத்து வாசகர்கள் ஆகிறார். (இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பவில்லை.)

5

காலையில் அந்த அம்மாவின் மேசைக்குப் போனார்.

"என்னண்ணே?"

விரலைக் கறைமேல் வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

"அம்மா, இந்தப் பாட்டை..."

மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தின் ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன். கை கழுவிவிட்டு வரவேண்டாம்.