மூச்சடைத்த தொடுவானம்

1

இந்தக் கதை ஓர் அழுக்கு ஃபில்டரிலிருந்து பிறந்தது. பொலிவியாவில், எங்கள் பேனி சமவெளியின் விமானக் கொட்டகையில் அதைக் கண்டேன். மெக்கானிக் நில்டா கயூபாவிடம் கேட்டதற்கு, "எழுதுற ஆளு நீ, நீயே கண்டுபிடி" என்றாள். அதில் என்ன ஒட்டியிருந்தது என்பதை இப்போதே சொன்னால் கதை போச்சு.

முதல் வரி: 'மேகத்துக்குள் தொடுவானம் சாய்ந்தபோது டார்வின்…'

அடித்துவிட்டேன். அவனைத் தரையில் வைத்தே ஆரம்பிக்கலாம்.

2

டார்வின் நில்டாவின் தம்பி. இறைச்சி ஏற்றும் பழைய சின்ன விமானத்தை ஓட்டுபவன். மேகத்துக்குள் எது வானம், எது தரை என்று கண்ணுக்குத் தெரியாது. முகப்பிலுள்ள தொடுவானக் கருவியின் கோட்டைத்தான் நம்ப வேண்டும். கார்னிவல் திருவிழா முடிந்ததிலிருந்து அந்தக் கோடு சாய்கிறது. நில்டா கருவியை மாற்றினாள். புதியதும் சாய்ந்தது.

"அக்கா, மழைக்காலத்துல இதை நம்பி ஏறுனா நேரா சொர்க்கந்தான்."

"ஏறாட்டி?"

"முதலாளியம்மா விமானத்தைப் பிரிச்சு வித்துருவாங்களாம். அப்புறம் நீ சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டு."

(வில்லன் வேண்டுமே என்று உதிரிபாகக் கடைக்காரர் ஒருவரை எழுதினேன். பாவம், அவர்மேல் தப்பில்லை. அனுப்பிவிட்டேன்.)

3

நில்டாவைப் பெரிய மூளைக்காரியாகக் காட்ட ஆசைதான். ஆனால் அவள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறாள். பம்ப் காற்றை இழுக்கும். காற்று கருவிக்குள் இருக்கும் சக்கரத்தைச் சுழற்றும். அது வேகமாகச் சுற்றினால்தான் கோடு நிமிரும். இழுப்பைக் காட்டும் முள்ளோ பச்சையில் சமர்த்தாக நிற்கிறது.

"திசை காட்டுறதும் நழுவுதாடா?"

"அதுவுந்தான். அன்னைக்கே சொன்னேனே."

"எங்கடா சொன்னே. ரெண்டும் ஒண்ணா கெடாது. ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது உள்ளே இழுக்கிற மூச்சுக் காத்து ஒண்ணுதான்."

முகப்புப் பலகைக்கு அடியில் புகுந்து, காற்று உள்ளே நுழையும் வழியிலிருந்த ஃபில்டரைக் கழற்றினாள். சிவப்பு, மஞ்சள், பச்சை. வண்ணக் காகிதத் துணுக்குகள், மேலே புகைப் பிசுக்கு.

கார்னிவல் செவ்வாயன்று முதலாளியம்மா எவுலாலியா, தன் மலைநாட்டு வழக்கப்படி விமானத்துக்குள் புகை காட்டித் துணுக்குகள் தூவி ஆசீர்வதித்தார். எஞ்சின் அணைந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. 'விமானமும் மூச்சில இழுத்துக்கட்டுமே' என்று எஞ்சினை ஓடவிட்டவள் சாட்சாத் நில்டா. ஃபில்டருக்கு அப்பாலுள்ள இழுப்பை மட்டுமே அளக்கும் முள்ளுக்கு அடைப்பு தெரியவில்லை.

"நீதானே ஓடவிட்டே?"

"ஸ்டார்ட் பண்ணுடா. அப்புறம் பேசு."

ஃபில்டர் இல்லாமல் எஞ்சின் ஓடியது. கோடு தள்ளாடியது, எழுந்தது, நிமிர்ந்து நின்றது. நில்டா கீழே குதித்து, ஓடுபாதையோரம் மேய்ந்த மாடுகளைப் பார்த்து ஓவென்று கத்தினாள். எனக்கும் கத்தத் தோன்றியது. பேனாவும் கையுமாக இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

4

"எப்படிடி சரியாச்சு?" என்றார் எவுலாலியா.

"நீங்க குடுத்த ஆசீர்வாதம் மொத்தத்தையும் விழுங்கியிருச்சும்மா. செரிக்கத்தான் நாளாச்சு."

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் புது ஃபில்டரோடு விமானம் கிளம்புகிறது, எதிரே கன்னங்கரேலென்று மேகம். டார்வினின் பக்கத்து இருக்கையில் நில்டா ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குக்கா?"

"நான் பார்த்த வேலையை நானே நம்பாட்டி எப்படிடா."

'இருவரும் பத்திரமாக…' என்று எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். என் வாக்கை நம்பி என்ன பயன்? பின்னால் காலி இறைச்சிக் கூடைகளுக்கு நடுவே உங்களுக்கு இடம் போட்டிருக்கிறேன். மேகத்துக்குள் புகுந்ததும் ஜன்னல் வெளுத்துவிட்டது. கோட்டைப் பாருங்கள். நேராகத்தானே நிற்கிறது? அப்படியானால் மேகத்தின் அந்தப் பக்கத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.