ஹீட்டரை அணைத்தவர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பட்டறையில் எல்லோருக்கும் அது தெரியும். என் தங்கை புருஷனுக்கு நன்றாகவே தெரியும். அவர் ஓட்டுகிற லாரியைப் பழுது பார்க்கிற மெக்கானிக்கே நான்தான்.

அந்த டீசல் லாரி, உறைபனி விழுந்த இந்த மூன்று நாளாகக் காலையில் மக்கர் செய்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றும். எஞ்சின் பிடிப்பதற்குள் நமக்கு உயிர் போய்விடும். இரண்டு முறை சரக்கு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. இன்று முதலாளியே பட்டறைக்கு வந்து நின்றுவிட்டார்.

"ஏழு மணிக்குள்ள வண்டி கிளம்பணும். டிரைவர் கவனக்குறைவுதான்னா சாவிய வச்சிட்டு அவர் வீட்டுக்குப் போகலாம்."

எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்து போன மாதம்தான் மாப்பிள்ளை இந்த ஸ்டீரிங்கைப் பிடித்தார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். அதற்காகவாவது நான் வாயை அடக்கியிருக்கலாம். அடக்கினேனா?

"மாப்ளே, ராத்திரி கேபின் ஹீட்டரப் போட்டுட்டுத்தானே தூங்குனீங்க? பேட்டரி காலியாகாம என்ன செய்யும்?"

"அணைச்சுட்டுத்தான் மச்சான் படுத்தேன்."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க! அப்ப வண்டி என்ன, உங்க மேல கோவிச்சுக்கிட்டு நிக்குதா?"

மூன்று நாளும் இதே பாட்டுத்தான். தினமும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினேன், அவரைத் திட்டினேன். வோல்ட் மீட்டரை வைத்து ஒருமுறை ஒழுங்காகப் பார்க்கவில்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மனுஷன் நகராமல் இருப்பாரா? மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா மொதலாளி. அசதியில அணைக்காம தூங்கிட்டேன் போல."

சாவியை முதலாளி கையில் வைத்தார். நான் ஜெயித்துவிட்ட மாதிரி பக்கத்து லாரியிலிருந்து முழுச் சார்ஜில் இருந்த இரண்டு பேட்டரிகளைக் கழற்றி வந்து மாட்டினேன். முதலாளி தானே கேபினில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

அதே இழுவை. இழுத்து இழுத்து, மெதுவாக.

நல்ல பேட்டரி போட்டும் இப்படியென்றால் ஹீட்டர் மேல் பழி போட்டது என்ன நியாயம்? குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டியாகும், மோட்டாருக்குக் கூடுதல் கரண்ட் வேண்டும், சரி. ஆனால் அந்தக் கரண்ட் போய்ச் சேரவில்லையே!

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் மேலும் வைத்தேன். "இன்னொரு வாட்டி சுத்துங்க மொதலாளி!" அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத முள் நாலைத் தாண்டியது. கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற எர்த் வழியில்தான் எங்கோ அடைப்பு.

வண்டிக்கு அடியில் படுத்தேன். அடிச்சட்டமான சேஸ் முழுக்க உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. எர்த் வயர் மாட்டிய போல்ட்டைச் சுற்றி மட்டும் பனி உருகி, சொட்டுச் சொட்டாக என் கன்னத்தில் விழுந்தது. தொட்டேன், சுட்டது.

வயருக்கும் இரும்புக்கும் நடுவே, கரண்டை மறித்துக்கொண்டு, பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். போன வாரம் வருடாந்திரச் சோதனைக்காக நான் அடித்த பெயிண்ட். ஒரு இடம் விடாமல் அடிக்க வேண்டும் என்ற வீறாப்பில் வயரைக் கழற்றி, அடித்து, பெயிண்ட் மேலேயே திருப்பி முடுக்கிய மகாராஜனும் நான்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சுரண்டி முடுக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வரவே செய்தது. பொய் சொல்ல மாட்டேன். அடியிலிருந்து பார்த்தேன். மாப்பிள்ளை தன் போர்வையையும் டம்ளரையும் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். போல்ட்டை முடுக்கிவிட்டு வெளியே வந்தேன்.

"மொதலாளி, ஹீட்டரும் இல்ல, பேட்டரியும் இல்ல. பெயிண்ட் மேல எர்த்த மாட்டினது நான். தப்பு என்னோடது."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு நாளா அவரப் போட்டு அந்தத் திட்டு திட்டுனீங்களேய்யா!" என்றவர், சாவியை மாப்பிள்ளையிடம் நீட்டினார். "ஏறுங்க. மெக்கானிக்கோட நான் அப்புறம் பேசிக்கறேன்."

ஒரே திருப்பு. எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொண்டது. ஏழுக்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

மாப்பிள்ளை உடனே கிளம்பவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

"மச்சான், அப்ப நான் அணைச்சுட்டுத்தானே படுத்தேன்?"

"அணைச்சுட்டுத்தான் படுத்தீங்க, மாப்ளே."

"மூணு நாளும்?"

"மூணு நாளும்."

கியரில் கை வைத்தவர் மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"உங்க தங்கச்சிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க மச்சான். நேத்து அவகிட்டயும் நான்தான்னு ஒத்துக்கிட்டேன்."